தபசு மரம்

அன்புள்ள அக்கா,

கோவையில் பரதம் சொல்லிக்கொடுக்கிறேன். நம் நாட்டு மரங்களை வைத்து என் மாணவிகளுக்கு ஒரு நாட்டியம் அமைக்கிறேன். ஆல், வேம்பு, கடம்பு, குல்மொஹர், தூங்குமூஞ்சி என்று ஐந்து மரங்கள். ஒவ்வொருத்தியும் மேடையில் மரமாகவே மாறவேண்டும் என்பது ஆசை. ஆனால் எவ்வளவு பயிற்சி கொடுத்தாலும் முத்திரைதான் தெரிகிறது, மரம் தெரியவில்லை. எங்கே தவறு? பின்னணிக்குப் புல்லாங்குழல் மட்டும் போதுமா?

ம.

அன்புள்ள ம.,

முதலில் திட்டிவிடுகிறேன், அப்புறம் நிம்மதியாகப் பேசலாம். குல்மொஹர் மடகாஸ்கர் மரம். தூங்குமூஞ்சி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. தெருவில் நிழல் தருவதெல்லாம் நம் நாட்டு மரம் என்றால் வேலிக்காத்தானுக்கும் ஒரு பெண்ணைத் தயார் செய்யவேண்டியதுதானே? கடம்பை நினைத்த உங்களுக்கு வேங்கை எப்படி விட்டுப்போனது? சிலப்பதிகாரத்தில் கண்ணகி வந்து நின்றது வேங்கை நிழலில். அவளைத் தெய்வமாகக் கொண்டுதான் மலைக்குறவர்கள் குரவை ஆடினார்கள்.

புல்லாங்குழல் உங்கள் பாடு.

உங்கள் கடிதம் வந்தபோது நான் ஊரிலிருந்து திரும்பி மூன்று நாள் ஆகியிருந்தது. வந்தவாசிப் பக்கம் எங்கள் ஊர். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடக்கும். பகலில் கதை, இரவில் கூத்து. அதில் ஒரு நாள் அர்ச்சுனன் தபசு. சிவனிடம் பாசுபத அஸ்திரம் வாங்க அர்ச்சுனன் தவத்துக்குப் போகிறான் அல்லவா, அதற்கு ஒரு முழுப் பனையை வெட்டி, செதுக்கி, இரண்டு பக்கமும் படிக்கட்டை அடித்து, திடலில் நட்டுவைப்பார்கள். அர்ச்சுனன் வேஷக்காரர் ஒவ்வொரு படிக்கும் ஒரு பாட்டுப் பாடியபடி ஏறுவார். கீழே குழந்தை வேண்டி விரதமிருந்த பெண்கள் ஈரப்புடவையோடு காத்திருப்பார்கள். உச்சிக்குப் போனதும் அவர் வில்வமும் விபூதியும் எலுமிச்சம்பழமும் வீசுவார், மடியேந்திப் பிடிக்கவேண்டும். அப்படி ஒரு வருஷம் எலுமிச்சம்பழம் பிடித்தவர்களில் என் அம்மாவும் ஒருத்தி. அடுத்த தையில் நான் பிறந்தேன். அதனால் இந்த விஷயத்தில் என்னிடம் நடுநிலையை எதிர்பார்க்காதீர்கள்.

எனக்கு விவரம் தெரிந்த காலத்தில் அர்ச்சுனன் கட்டிய வாத்தியாருக்கு ஐம்பது வயது இருக்கும், தொப்பை வேறு. ஏறுவதற்கு முன் சலங்கையை அவிழ்த்து மனைவி கையில் கொடுத்துவிட்டு, மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி, உள்ளங்கையால் அங்கங்கே தட்டிப் பார்ப்பார், மாடு வாங்குகிறவர் மாட்டைத் தட்டுவது மாதிரி. இரவெல்லாம் கிறுகிறுவென்று சுற்றி ஆடியவர் மரத்தில் கால் வைத்ததும் வேறு ஆளாகிவிடுவார். ஒரு கால் படியில், ஒரு கால் தண்டில், வயிறு மரத்தோடு ஒட்டியிருக்கும். அவர் மரமாக மாறவில்லை, மரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். விட்டால் விழுவார். ஆட்டம் அங்கேதான் இருந்தது.

உங்கள் தவறும் அங்கேதான் இருக்கிறது. மரமாக மாறுவது என்பது எங்கிருந்து வந்த ஆசை? கையை மேலே தூக்கி விரலை விரித்து, பச்சை விளக்கைப் போட்டு, நான்தான் ஆலமரம் என்றால் ஆலமரம் சிரிக்கும். நம் ஆட்டக்காரர்கள் மரத்தை அணிந்துகொண்டார்கள், அடித்தார்கள், ஊதினார்கள், ஏறினார்கள். கூத்தின் கிரீடமும் புஜக்கட்டையும் கல்யாண முருங்கையில் செய்தவை. இரவு முழுக்கத் தலையில் சுமக்க அந்த லேசான மரம்தான் தோது. தவிலுக்குப் பலா, நாயனத்துக்கு ஆச்சா, பறையின் சட்டத்துக்கு வேம்பு. சரி, வகுப்பில் நீங்கள் தினமும் தட்டுகிறீர்களே தட்டுக்கழி, அது என்ன மரம்? தெரியாதுதானே? இத்தனை வருஷமாகக் கையிலேயே இருக்கிறது, அம்மா!

(இன்னொன்று. தொல்காப்பியக் கணக்கில் பனை மரமே இல்லை. உள்ளே வைரம், அதாவது கெட்டியான பகுதி, உள்ளதுதான் மரம், வெளியே வைரம் உள்ளது புல். அர்ச்சுனன் ஏறியது ஒரு நெட்டைப் புல்லின்மேல். வாத்தியாரிடம் சொல்லியிருந்தால் பயந்திருப்பார்.)

இந்த முறை ஊரில் பார்த்தது இரும்புக் கம்பம். பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் அறிவித்தார்களே, யார் அலைவது என்று கேட்டார்கள். செங்கல் சூளைக்கு லாரி லாரியாகப் போன பனைகளை நினைத்தால் அந்தக் கட்டுப்பாடு வேண்டியதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் சித்திரை வெயிலில் அர்ச்சுனன் வேஷம் கட்டிய பையன், பாவம், உள்ளங்கையில் சாக்குத்துணியைச் சுற்றிக்கொண்டு ஏறினான். சூடு தாங்காமல் பாட்டைப் பாதிப் பாதியாக விழுங்கினான். யாரும் குறை சொல்லவில்லை. பெண்கள் மடியேந்தித்தான் நின்றார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைப் பனந்தோப்புக்குக் கூட்டிப்போங்கள். ஏறவெல்லாம் வேண்டாம், பெற்றோர் உங்களைச் சும்மா விடமாட்டார்கள். கட்டிப்பிடித்து நிற்கட்டும், நெஞ்சில் சிராய்க்கட்டும். முழுக்கைச் சட்டை போட்டுவரச் சொல்லுங்கள், இளம்பனை வடலிப் பக்கம் போனால் மட்டையின் கருக்கு கிழித்துவிடும். குல்மொஹர் ஆடவிருந்த பெண்ணை வேங்கைக்கு மாற்றிவிடுங்கள். தூங்குமூஞ்சி இருக்கட்டும், அதன் காயைப் பள்ளிக்கூட வாசலில் பொறுக்கித் தின்றவள் நான். அழைப்பிதழில் மட்டும் ‘நம் நாட்டு’ என்பதை எடுத்துவிடுங்கள்.