கல்லடைப்பும் சிறுநீரகக் காப்பும்: வாசகர் கேள்விகளுக்குச் சித்த மருத்துவரின் பதில்கள்

கேள்வி: வைத்தியர் ஐயா அவர்களுக்கு வணக்கம். என் கணவருக்கு 42 வயது. தென்னந்தோப்பு வேலைக்குப் போகிறவர். விலாவில் வலி வந்து ஸ்கேன் எடுத்ததில், இடது சிறுநீரகத்தில் 5 மி.மீ. கல் இருப்பதாகவும் வீக்கம் இல்லை என்றும் எழுதியிருக்கிறார்கள். சிறுபீளைக் கஷாயம் கொடுத்தால் கரைந்துவிடும் என்கிறார் என் மாமியார். கல் கிடந்து சிறுநீரகமே கெட்டுவிடுமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. அதைக் காக்கும் மூலிகைகள் எவை?
– வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: கல் எப்போது வெளியே வரும் என்று கேட்டு எழுதுவோர்தாம் அதிகம், அம்மா. சிறுநீரகம் பத்திரமாக இருக்குமா என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். கல்லடைப்பில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுவே என்பது என் உறுதியான எண்ணம்.

கற்களில் பெரும்பாலானவை கால்சியம் ஆக்சலேட்டால் ஆனவை. சிறுநீரில் ஆக்சலேட் மிகுந்து நீர் குறையும்போது அது நுண்ணிய படிகங்களாகிறது. அந்தப் படிகங்கள் சிறுநீரக நுண்குழாய்களின் உட்சுவரில் ஒட்டும்போது அங்குள்ள செல்கள் ஆக்சிஜனேற்றத்தால் சிதைகின்றன. சிதைந்த இடத்தில் மேலும் படிகங்கள் படிந்து கல் வளர்கிறது. நம் மூலிகைகளைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் இந்தச் சிதைவைத் தடுப்பதைப் பற்றியவையே. மாவிலங்கப் பட்டைக் கஷாயத்தைக் கல் உண்டாக்கப்பட்ட எலிகளுக்குக் கொடுத்துச் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990-ஆம் ஆண்டிலேயே முடிவுகளை வெளியிட்டார்கள். அந்தப் பட்டையில் உள்ள லூபியால் என்னும் பொருளையும் பின்னர் தனியே பிரித்து ஆராய்ந்தார்கள். சிறுபீளையும் நெருஞ்சிலும் இவ்வாறே எலிகளில் சோதிக்கப்பட்டு, நுண்குழாய்ச் சேதத்தைக் குறைப்பதாகத் தெரியவந்திருக்கிறது. ஆனால் எலிக்குப் பலித்ததெல்லாம் மனிதருக்கும் பலிக்கும் என்று சொல்லிவிட முடியாது. மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள் சிறியவை. இறுகிப்போன ஆக்சலேட் கல்லைக் கரைத்துவிடும் மூலிகை என்று எதையும் நான் உங்களுக்கு உறுதி சொல்ல மாட்டேன். சிறுநீரைப் பெருக்கிச் சிறு கற்கள் இறங்க வழிசெய்வது, எரிச்சலைத் தணிப்பது, படிகங்களின் தாக்குதலிலிருந்து செல்களுக்குக் காப்பாக நிற்பது ஆகியவற்றையே இவற்றிடம் எதிர்பார்க்கலாம்.

உங்கள் மாமியார் சொன்ன சிறுபீளை நல்ல தேர்வு. பொங்கலுக்கு வேப்பிலையோடும் ஆவாரம்பூவோடும் சேர்த்துக் காப்புக் கட்டுகிறோமே, அதே பூளைப்பூதான்; உங்கள் பக்கத்து மலையாள வீடுகளில் செறூளை என்பார்கள், தசபுஷ்பம் என்று அவர்கள் போற்றும் பத்துச் செடிகளில் ஒன்று. வரப்போரங்களில் முழங்கால் உயரத்துக்குள் படர்ந்து நிற்கும். இலைக்கும் தண்டுக்கும் இடையே வெண்பஞ்சைக் கிள்ளி ஒட்டியது போலப் பூக்கள் நெருங்கி இருக்கும். வேரைப் பிடுங்கி முகர்ந்தால் இலேசான கற்பூர மணம் வரும். பூச்சிமருந்து தெளித்த வரப்பில் பறிக்காதீர்கள். வேரோடு பிடுங்கிக் கழுவி, நிழலில் உலர்த்தி, ஒன்றிரண்டாக இடித்து வைத்துக்கொண்டு, 10 கிராம் தூளை 240 மி.லி. நீரிலிட்டு, 60 மி.லி. ஆகும் வரை சிறுதீயில் காய்ச்சி வடிகட்டிக் கொடுக்கலாம். சிறுநெருஞ்சில் முள்ளையும் இடித்துச் சேர்ப்பது வழக்கம். கொடுக்கத் தொடங்கும் முன், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் யூரியா, கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை செய்து, அந்தச் சீட்டோடு அருகிலுள்ள பதிவு பெற்ற சித்த மருத்துவரையோ ஆயுர்வேத மருத்துவரையோ பார்த்து, எத்தனை நாள் என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை அல்லது ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் அதை அவசியம் சொல்ல வேண்டும்.

எந்த மூலிகையும் தண்ணீருக்கு ஈடாகாது. நாளொன்றுக்கு 2 முதல் 2.5 லிட்டர் வரை சிறுநீர் பிரிய வேண்டும். பங்குனி, சித்திரையில் பாலக்காட்டுக் கணவாயில் வெயில் 40 டிகிரியைத் தொடும்போது, தோப்பில் வியர்வை சிந்த உழைக்கிறவர் அதற்காக மூன்றரை லிட்டருக்கும் மேல் குடிக்க வேண்டியிருக்கும். ஆழ்துளைக் கிணற்று நீரின் கடினத்தைப் பற்றிப் பலரும் கவலைப்படுகிறார்கள். அந்த நீரை விடவும், வேலை மும்முரத்தில் குடிக்காமலே இருந்துவிடுவதுதான் பெரிய கேடு. வெறும் தண்ணீர் இறங்கவில்லை என்றால் பதிமுகம் என்னும் செந்நிற மரச்சீவலைப் போட்டுக் காய்ச்சிய நீரைக் கொடுத்தனுப்புங்கள். எலுமிச்சைச் சாற்றிலுள்ள சிட்ரேட் படிகம் உண்டாவதைத் தடுக்கும். அதில் உப்பைப் போட வேண்டாம். ஊறுகாய், அப்பளம், கருவாடு குறையட்டும். கல் என்றதும் பால், மோரை நிறுத்திவிடுகிறார்கள், அது தவறு. உணவில் வரும் கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்துக்கொள்வதால், அதை நிறுத்தினால் சிறுநீரில் ஆக்சலேட் கூடும்.

கேள்வி: எனக்குச் சிறுநீர்க் குழாயில் 9 மி.மீ. கல் அடைத்து, வலது சிறுநீரகம் வீங்கியிருப்பதாகச் சொல்லி அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். நான் போகாமல், நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய பொடியையும் வாழைத்தண்டுச் சாற்றையும் குடித்தேன். இப்போது வலி அடியோடு நின்றுவிட்டது. கல் போய்விட்டது என்று கொள்ளலாமா?
– வாசகர், மீனாட்சிபுரம்

பதில்: கொள்ளக் கூடாது, ஐயா. இதைப் படித்ததும் ஸ்கேன் எடுக்கப் புறப்படுங்கள். அடைப்பு நீடித்தால் வலி தானாகவே குறைந்துவிடுவது உண்டு. கல் அங்கேயே இருக்கும், பின்னால் தேங்கும் நீரின் அழுத்தத்தால் சிறுநீரகத் திசு மெல்ல மெல்ல மெலியும். முழு அடைப்பு சில வாரங்கள் நீடித்தாலே நிரந்தரச் சேதம் வரலாம். இடது சிறுநீரகம் நன்றாக வேலை செய்தால் கிரியாட்டினின் அளவும் சரியாகவே காட்டும்; அதைக் கண்டும் ஏமாறாதீர்கள். அடைப்புள்ள இடத்தில் சிறுநீரைப் பெருக்கும் மூலிகைகளைக் கொடுப்பது அழுத்தத்தைக் கூட்டும் செயல். காய்ச்சலோ குளிரோ வந்தால் மறுநாள் வரை காத்திராமல் அன்றிரவே மருத்துவமனையில் சேர வேண்டும். அடைபட்ட சிறுநீரகத்தில் சீழ் பிடித்தால் உயிருக்கே ஆபத்து. கல்லை எடுத்து அடைப்பு நீங்கிய பிறகு, மீண்டும் வராமலிருக்க நம் மருந்துகளைப் பற்றிப் பேசலாம்.

கேள்வி: எங்கள் கொல்லையில் இரும்பன்புளி காய்த்துக் குலுங்குகிறது. அதன் சாற்றை வெறும் வயிற்றில் குடித்தால் கொழுப்பும் குறையும், கல்லும் கரையும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. குடிக்கலாமா?
– வாசகி, சித்தூர்

பதில்: ஒரு தம்ளர்கூட வேண்டாம். பிலிம்பி என்று நாம் சொல்லும் இந்தக் காயின் புளிப்பில் ஆக்சாலிக் அமிலம் மிக அதிகம். மீன்குழம்பில் ஓரிரு காய்களை நறுக்கிப் போட்டு வேகவைப்பது வேறு. பல காய்களைப் பிழிந்து சாறாகக் குடிப்பது வேறு. அவ்வளவு ஆக்சலேட்டும் ஒரே சமயத்தில் ரத்தத்தில் கலந்து, சிறுநீரக நுண்குழாய்களில் படிகங்களாக அடைத்து, நன்றாக இருந்த சிறுநீரகத்தைச் சில நாட்களில் செயலிழக்கச் செய்துவிடும். கேரளத்தில் இந்தச் சாற்றைக் குடித்துச் சிறுநீரகம் பழுதடைந்த பத்துப் பேரைப் பற்றி இந்தியச் சிறுநீரகவியல் ஆய்விதழில் 2013-இல் மருத்துவர்கள் எழுதினார்கள். அவர்களில் ஏழு பேருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது. கொழுப்பு குறையும் என்று நம்பிக் குடித்தவர்கள் அவர்களிலும் இருந்தார்கள். அதே குடும்பத்தைச் சேர்ந்த நட்சத்திரப் பழமும் இவ்வகையே. ஏற்கெனவே சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அது மூளையையும் பாதிக்கும். யாராவது குடித்துவிட்டு வாந்தியோ, முதுகுவலியோ, சிறுநீர்க் குறைவோ கண்டால், குடித்ததை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். உங்களுக்கு வந்த செய்தியை அனுப்பியவருக்கும் தயவுசெய்து இதைச் சொல்லுங்கள்.

தினம் ஒரு ரணகள்ளி இலையை மென்று தின்னச் சொல்லும் செய்தியும் இப்படித்தான் சுற்றுகிறது. அதில் இதயத் துடிப்பைப் பாதிக்கும் பொருள்கள் உள்ளன. மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் தின்னக் கூடாது.

கேள்வி: பீர் குடித்தால் கல் இறங்குமாமே?
– வாசகர், வேலந்தாவளம்

பதில்: இறங்காது. சற்று நேரம் சிறுநீர் கூடும். பிறகு உடல் வறளும், யூரிக் அமிலமும் ஏறும். கள்ளையும் கல்லுக்கு மருந்தாகக் கொள்ள வேண்டாம்.

கேள்வி: என் தந்தைக்கு 67 வயது, பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். கிரியாட்டினின் 2.8 என்று வந்திருக்கிறது. இரண்டு சிறுநீரகங்களிலும் சிறு கற்கள் உள்ளன. தழுதாமைத் தோரன் தினமும் சாப்பிட்டால் சிறுநீரகம் புத்துயிர் பெறும் என்று உறவினர்கள் வற்புறுத்துகிறார்கள். கொடுக்கட்டுமா?
– வாசகர், வாளையார்

பதில்: கொடுக்க வேண்டாம், தம்பி. தழுதாமை என்னும் மூக்கிரட்டை, சிறுநீரகம் நன்றாக உள்ளவருக்கு நீரைப் பிரிக்கும் நல்ல கீரை. ஆனால் அதில் பொட்டாசியம் உப்பு மிகுதி. சிறுநீரகம் தளர்ந்தவரால் அதை வெளியேற்ற முடியாது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயம் நின்றுபோகக்கூடும். வாழைத்தண்டுச் சாறு, இளநீர் இரண்டையும் இதே காரணத்துக்காகத் தவிர்க்க வேண்டும். மேலே நான் சொன்ன தண்ணீர் அளவும் உங்கள் தந்தைக்குப் பொருந்தாது; அதைச் சிறுநீரக மருத்துவர்தாம் வரையறுக்க வேண்டும். உலோகம், உப்பு போன்றவற்றைப் புடமிட்டுச் செய்யும் பற்ப வகைகளை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். கல் வலி வரும்போது மருந்துக் கடையில் டைக்குளோஃபெனாக் கேட்டு வாங்கிக் கொடுப்பது, மிச்சமிருக்கும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். வலிக்கு என்ன மாத்திரை கொடுக்கலாம் என்று இப்போதே மருத்துவரிடம் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.