உள்ளூர் இசை இதழ் ஒன்று தொடங்க நினைக்கிறோம், அதில் என்னென்ன எழுதலாம்?

கும்பகோணத்தில் இருந்து ஒரு சின்ன காலாண்டு இசை இதழ் நடத்துகிறேன். அதனால் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

நண்பர்கள் நாலைந்து பேர், கையில் கொஞ்சம் பணம், டிசைன் தெரிந்த ஒருவர், முதல் இதழ் அட்டைக்கு எப்படியாவது ஒரு சினிமாப் பாடகரின் பேட்டி வாங்கிவிடலாம் என்ற நம்பிக்கை. உங்கள் நிலைமை இதுதான் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். அந்தப் பேட்டியை விட்டுவிடுங்கள். அவரைப் பற்றி எழுத நூறு பேர் இருக்கிறார்கள். மார்கழியில் சென்னை சபாக்களில் யார் எந்த ராகத்தை விரித்துப் பாடினார்கள் என்று எழுதவும் ஆள் இருக்கிறது. உங்கள் ஊரில் இருந்து டவுன் பஸ்ஸில் போய்வரும் தூரத்துக்குள் இசையை நம்பிப் பிழைக்கிறவர்களைப் பற்றி எழுதத்தான் யாரும் இல்லை.

எங்களுக்கு அந்த பஸ் மயிலாடுதுறை போகிற பஸ். ஆடுதுறையை ஒட்டி நரசிங்கம்பேட்டை. நாயனம், அதாவது நாதஸ்வரம் செய்கிற ஊர், 2022இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நாயன மேதை டி.என். ராஜரத்தினம் பிள்ளைக்குப் பாரி நாயனம் செய்து கொடுத்த ரங்கநாதன் ஆசாரியின் ஊரும் அதுதான். குட்டையான, சுருதி ஏறிய திமிரி நாயனம் போய், நீளமான, சுருதி இறங்கிய பாரி மேடைக்கு வந்ததில் இந்த ஊர்ப் பட்டறைக்குப் பெரிய பங்கு உண்டு. குறியீடு கிடைத்த செய்தி எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. ஆனால் குழலான உலவு, அதன் அடியில் விரிந்த அணசு என்று ஒவ்வொன்றும் யார் கையில் எப்படி உருவாகிறது என்று உட்கார்ந்து எழுதினவர்கள் குறைவு. நாங்கள் எழுதினோம்.

அடுத்த இதழுக்கு, நாயனத்தில் வாய் வைத்து ஊதுகிற சீவாளியை எடுத்துக்கொண்டோம். நாயனத்தின் குரலே அந்தத் தட்டையில்தான் இருக்கிறது. ஆற்றங்கரை நாணலை வெட்டி, காயவைத்துப் பதப்படுத்தி, கெண்டை என்கிற சின்ன உலோகக் குழாயில் நூலால் இறுக்கிக் கட்டி, ஓரத்தைச் சின்னக் கத்தியால் சீவி, வாயில் வைத்து ஒரு ஊது ஊதிப் பார்க்கிறார் சீவாளி செய்கிற பெரியவர். முகம் சுளித்தால் மறுபடி சீவல். "இது யாருக்குப் போகுதுன்னு தெரிஞ்சாத்தான் சீவ முடியும் தம்பி, ஒவ்வொருத்தர் மூச்சும் ஒவ்வொரு மாதிரி" என்றார். சாயங்காலம் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தோம். அந்த ஒரு வரிக்காகவே அந்த இதழைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

ஆனால் எங்கள் இதழை நிற்க வைத்தது கட்டுரைகள் இல்லை, கடைசிப் பக்கம். சுற்றுவட்டாரத்தில் எந்த ஊரில் எந்த மேள செட் இருக்கிறது, தவில் யார், எந்த எண்ணில் கூப்பிடலாம் என்று, கேட்டு அனுமதி வாங்கிப் போட்ட பட்டியல். அதைப் பார்த்துத் திருப்பூர்க் கல்யாண வீட்டுக்காரர் ஒருவர் இங்கே ஒரு தவில்காரரை நேரடியாகக் கூப்பிட்டுப் பேசி அட்வான்ஸும் அனுப்பிவிட்டார். அது வரை அந்தக் குடும்பத்துக்கு மேளம் பிடித்துத் தந்துகொண்டிருந்த புரோக்கருக்கு வந்ததே கோபம்! எனக்குப் போன் போட்டு, தன் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டதாகச் சத்தம் போட்டார். தோளில் பட்டை அழுந்த மணிக்கணக்கில் தவில் அடிக்கிறவருக்கு என்ன மிஞ்சுகிறது, போனில் பேசினவருக்கு என்ன மிஞ்சுகிறது என்று கேட்டேன். பதில் இல்லை. இதழ் நடத்துவதில் நான் பெருமைப்படுகிற விஷயம் இதுதான்.

இதெல்லாம் ஒரு சாதிக்காரர்களின் தொழிலைத் தூக்கிப் பிடிக்கிற வேலை என்று சிலர் சொல்லலாம். நாயனத்தில் இசை வேளாளர்கள் பங்கு பெரிது, அதை ஏன் மறைக்க வேண்டும்? ஆந்திராவில் பிறந்து ஸ்ரீரங்கத்தில் வந்து தங்கிய ஷேக் சின்ன மௌலானாவும் இதே நாயனத்தைத்தான் வாசித்தார். உங்கள் ஊரில் நாயனம் இல்லாவிட்டால் நையாண்டி மேளம் இருக்கும், பறை இருக்கும், பேண்டு வாத்தியம் இருக்கும், சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை கீபோர்டு வாசிக்கிற பையன் இருப்பான், ஒரு காலத்தில் காசெட்டில் பாட்டுப் பதிந்து கொடுத்த கடைக்காரர் இருப்பார். எல்லோரையும் எழுதுங்கள். யூடியூப் இருக்கும்போது அச்சு எதற்கு என்பார்கள். அந்தத் தவில்காரர் வீட்டுச் சுவரில் அவர் பெயர் வந்த பக்கம் ஒட்டியிருக்கிறது. வீடியோவை அப்படி ஒட்ட முடியுமா?

இன்னொரு யோசனை. கோயில் கோயிலாகப் போய், எந்த நேரத்தில் எதை வாசிப்பது வழக்கம் என்று அங்கே வாசிக்கிறவர் வாயாலேயே கேட்டு எழுதுங்கள். சுவாமி புறப்பாட்டுக்குக் கம்பீர நாட்டை ராகத்தில் மல்லாரி என்கிற, பாட்டு வரிகள் இல்லாத உருப்படி, அதிலும் தளிகைக்கு ஒன்று, தேருக்கு ஒன்று, பள்ளியறைக்கு நீலாம்பரி ராகம். பொதுவாக எல்லோரும் சொல்வது இவ்வளவுதான். ஒவ்வொரு கோயிலுக்கும் தனி வழக்கம் உண்டு, அது அந்தப் பெரியவர்களோடு போய்விடும்.

சம்பந்தம் இல்லாததுதான், சொல்லாமல் இருக்க முடியவில்லை. நாயனத்துக்கு நல்ல ஆச்சா மரம் என்றால் பழைய வீட்டுத் தூணும் உத்தரமும்தான். காலங்காலமாகக் காய்ந்து இறுகின மரம். இப்போது வீடு இடித்தால் அந்தத் தூண்கள் லாரி ஏறி ரிசார்ட்டு வரவேற்பறைக்கு அழகுக்கு நிற்கப் போகின்றன. விலை கொடுக்க முடியாமல் பட்டறைக்காரர் வேடிக்கை பார்க்கிறார். வீட்டை இடிக்கிறவர்கள் ஒரு தூணையாவது அவரிடம் கேட்டுவிட்டு விற்கக் கூடாதா? வயிறு எரிகிறது.

சரி, நடைமுறைக்கு வருவோம். 1867ஆம் வருடத்துச் சட்டம் போய், 2024 மார்ச்சில் இருந்து புதிய பத்திரிகைப் பதிவுச் சட்டம் நடப்பில் இருக்கிறது. தலைப்புக்கு ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம். ஒரே பெயரில் நிற்காமல் இரண்டு மூன்று பெயர்கள் யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். விற்பனைக்குப் புத்தகக் கடையை மட்டும் நம்பாதீர்கள். கல்யாணப் பத்திரிகை அடிக்கிற கடையில் வையுங்கள், மேளம் தேடுகிறவர்கள் அங்கேதான் முதலில் வருவார்கள். பேட்டிக்குப் புரட்டாசி, மார்கழி மாதங்களை ஒதுக்கிக்கொள்ளுங்கள். முகூர்த்தம் இருக்காது. மார்கழியில் விடியற்காலைக் கோயில் வாசிப்பு முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டால், காபி கொடுத்து உட்கார வைத்துப் பேசுவார்கள். அப்போது சேர்த்து வைத்தால் தை முதல் முகூர்த்தத்துக்குள் முதல் இதழைக் கொண்டுவந்துவிடலாம்.