படகு எட்டுப் பேருக்கு, கையெழுத்து ஒருவருக்கு

கேள்வி: ஜூலையில் கரீபியனில் உள்ள பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளில் ஒரு வாரம் கேட்டமரான் (இரட்டை அடிப்பாகம் கொண்ட) படகு வாடகைக்கு எடுக்கலாம் என்று அத்தான் முடிவு செய்துவிட்டார். கேப்டனும் சமையல்காரரும் படகோடு வருவார்கள். நாங்கள், அக்கா-அத்தான், தம்பி-அவன் மனைவி, என் மச்சான்-அவர் மனைவி என்று நான்கு கேபினுக்கு நான்கு ஜோடி. சாப்பாடு, பானங்கள் எல்லாம் சேர்த்து எட்டுப் பேருக்கு 28,000 டாலர், ஆறு பேர் என்றால் 26,500. பாதியை இப்போதே கட்ட வேண்டும். “நீ முதல்ல கட்டிடு, போயிட்டு வந்து கணக்குப் பார்த்துக்கலாம்” என்கிறார் அத்தான். முந்தைய இரண்டு பயணங்களுக்கும் நான்தான் கட்டினேன். அதில் 3,800 டாலர் இன்னும் திரும்பவில்லை. மூன்று வருடத்துக்கு 14% வட்டியில் 14,000 டாலர் தனிநபர் கடன் ஒப்புதலாகிவிட்டது, பணம் இன்னும் எடுக்கவில்லை. கடன் வாங்கலாமா, கார்டில் தவணை போடலாமா? படகையே வாங்கி வாடகைக்கு விடும் ஒரு திட்டத்தையும் ஏஜென்ட் சொல்கிறார். பயமாக இருக்கிறது.

பதில்: பயப்பட வேண்டிய இடத்தில்தான் பயப்படுகிறீர்கள். ஆனால் கடனா கார்டா என்பதில் சிக்கல் இல்லை. மற்ற மூன்று குடும்பங்களின் 21,000 டாலரை உங்கள் தலையில் போட்டுக்கொள்ளப் பார்க்கிறீர்கள், அதுதான் சிக்கல். முதலில் கட்டிவிட்டுப் பிறகு வசூலிக்கும் பழக்கத்துக்கு ஏற்கனவே 3,800 டாலர் போயிருக்கிறது. இந்த முறை தொகை பல மடங்கு, ஒப்பந்தமும் கடுமையானது.

வாடகை ஒப்பந்தத்தில் வாடகைதாரர் என்று கையெழுத்திடுபவர் ஒருவர்தான். படகுக்காரருக்கு உங்கள் தம்பியையும் மச்சானையும் தெரியாது. மீதி 14,000 டாலரை வழக்கமாகப் பயணத்துக்கு 60 நாள் முன்பு கட்ட வேண்டும். அன்று மச்சான் “லீவு கிடைக்கவில்லை” என்றால் என்ன ஆகும்? உங்கள் விலைப்பட்டியலையே பாருங்கள். இரண்டு பேர் குறைந்தால் 1,500 டாலர்தான் குறைகிறது, ஏனென்றால் அது அவர்களின் சாப்பாட்டுச் செலவு மட்டும். படகும் ஊழியரும் அதே. கையெழுத்தான பிறகு அந்த 1,500ஐக்கூடக் குறைக்காமல் போகலாம். கேபினுக்கு 7,000 என்று கணக்குப் போட்டிருந்தீர்கள். மூன்று ஜோடி என்றால் அது சுமார் 8,830. அந்தக் கூடுதல் 1,830ஐ அத்தானும் தம்பியும் மனமுவந்து தருவார்களா என்று நீங்களே சொல்லுங்கள். தராவிட்டால் பள்ளம் 5,500 டாலர், அதை நிரப்புவது நீங்கள். மீதித் தொகையைக் கட்டவே இல்லையென்றால் பதிவு ரத்தாகும், முன்பணமும் போகும்.

இப்போது கடனின் விலை. மாதத் தவணை ஏறக்குறைய 480 டாலர். 36 மாதத்தில் வட்டி மட்டும் 3,200க்கு மேல். உங்கள் கேபின் வாடகையில் கிட்டத்தட்ட பாதி! ஒரு வாரப் பயணத்துக்கு மூன்று வருடம் தவணை. கார்டு இதைவிட நல்லதல்ல. பல நிறுவனங்கள் கார்டுக்கு 3% போலக் கூடுதல் கேட்கின்றன, அதாவது 14,000க்கு 420 டாலர். அதைப் பாயின்ட்ஸ் ஈடுகட்டாது.

நீங்கள் செய்ய வேண்டியது இது. படகைச் சில நாள் பிடித்து வைக்கும்படி ஏஜென்டிடம் கேளுங்கள். பணம் வாங்காமலே சில நாள் ஹோல்டு தருவது இந்தத் தொழிலில் வழக்கம். அதற்குள் ஒவ்வொரு ஜோடியும் 3,500 டாலர் அனுப்ப வேண்டும். நான்கு பங்கும் வந்தால் கையெழுத்திடுங்கள், வராவிட்டால் ஹோல்டை விட்டுவிடுங்கள். மூன்று ஜோடிதான் என்றால் மூன்று கேபின் படகு பாருங்கள்.

பட்டியலில் வராத செலவும் உண்டு. ஊழியருக்கான டிப்ஸ் வாடகையில் 15 முதல் 20%, இங்கே 4,200 முதல் 5,600 வரை. கடைசி நாள் காலையில் கேப்டனிடம் ரொக்கமாகத் தருவது வழக்கம். பையெல்லாம் கட்டிவிட்டு, உறையில் யார் எவ்வளவு வைப்பது என்று அப்போதுதான் எல்லோரும் முகம் பார்ப்பார்கள், கடைசியில் பர்ஸை எடுப்பது நீங்களாக இருக்கும். எனவே டிப்ஸுக்கு 5,000, படகேறும் முந்தைய இரவு தங்கவும் டாக்ஸிக்கும் ஒரு 1,000 என்று வைத்து, ஜோடிக்கு 1,500 டாலரை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். விமானம் சேராமல் ஒரு ஜோடிக்கு 8,500: இப்போது 3,500, மே தொடக்கத்தில் 3,500, கிளம்பும் முன் 1,500. மாதம் போட்டுச் சேர்க்கக்கூடிய தொகைதான். சேர்க்க முடியாத ஜோடிக்கு இந்த வருடம் இந்தப் பயணம் கட்டுப்படியாகாது. அதை இப்போதே தெரிந்துகொள்வது அவர்களுக்கும் நல்லது.

ஒப்பந்தத்தில் இன்னொன்றையும் பாருங்கள். “செலவு தனி” என்று இருந்தால் எரிபொருள், சாப்பாடு, நங்கூர மிதவைக் கட்டணம் எல்லாவற்றுக்குமாக வாடகையில் 25 முதல் 35% வரை முன்கூட்டியே கேட்பார்கள், மீந்தால் திருப்பித் தருவார்கள். உங்களுடையது எல்லாம் அடங்கியது என்றால் அதை எழுத்தில் வாங்குங்கள். பணம் எஸ்க்ரோ கணக்குக்கு, அதாவது பயணம் வரை மூன்றாம் தரப்பு பிடித்து வைக்கும் கணக்குக்குப் போகிறதா என்று கேளுங்கள். மின்னஞ்சலில் வந்த கணக்கு எண்ணை, உங்களிடம் ஏற்கனவே உள்ள தொலைபேசி எண்ணில் அழைத்துச் சரிபார்க்காமல் ஒரு டாலர்கூட அனுப்ப வேண்டாம். மின்னஞ்சலை ஊடுருவி வங்கி எண்ணை மாற்றும் மோசடி நடக்கிறது.

ஜூலையில் விலை குறைவதற்குக் காரணம் புயல் காலம். அது ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. இந்தத் தீவுகளை இர்மா புயல் சிதைத்தது 2017 செப்டம்பரில்தான், ஆனால் ஜூலை பத்திரம் என்று நினைத்துவிடாதீர்கள். தெற்கே கிரெனடாவின் கரியாகூ தீவில் பெரில் புயல் கரையேறியது 2024 ஜூலை 1 அன்று. புயல் வந்தால் பணம் திரும்புமா, வேறு தேதி மட்டும் தருவார்களா என்ற பிரிவைக் கையெழுத்துக்கு முன் படியுங்கள். புயலுக்குப் பெயர் வைத்த பிறகு வாங்கும் காப்பீடு அந்தப் புயலுக்கு உதவாது. ஒவ்வொரு ஜோடியும் தங்கள் பங்குக்குத் தாங்களே காப்பீடு எடுக்கட்டும். முன்பணம் கட்டிய இரண்டு வாரத்துக்குள் எடுத்தால், முன்பே இருக்கும் நோய்களையும் சில பாலிசிகள் ஏற்கும்.

படகு வாங்கும் திட்டத்தை இப்போதே மறந்துவிடுங்கள். நிச்சய வருமானம் என்று காட்டுவது முதல் சில வருடங்களுக்குத்தான். வாரா வாரம் ஆள் ஏறி இறங்கித் தேய்ந்த படகு பிறகு உங்கள் கைக்கு வரும்போது பழுதுச் செலவும், புயல் பகுதிக் காப்பீடும், சரிந்த மறுவிற்பனை விலையும் கூடவே வரும். 14,000க்குக் கடன் தேடுபவரிடம் இதைப் பேசுவதே தவறு.

கடன் ஒப்புதலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். அத்தானிடம் நேரில் பேசுங்கள், அக்கா மூலம் சொல்லி அனுப்ப வேண்டாம். “அத்தான், இந்த முறை பணம் சேர்ந்த பிறகுதான் கையெழுத்துப் போடுவேன். பழைய கணக்கில் உங்கள் பங்கையும் இதோடு முடித்துவிடலாம்” என்றால் போதும். அவரே எல்லாம் பார்த்துக்கொள்கிறேன் என்றால் கையெழுத்தையும் அவரே போடட்டும், உங்கள் 3,500ஐ அன்றே அவருக்கு அனுப்பிவிடுங்கள்.