மோந்து பார்த்த கயிறு

அன்புள்ள அண்ணா,

உங்கள் தளத்தைச் சில வருடங்களாகப் படித்து வருகிறேன். எனக்குத் திருப்பூர். ஆறு வருடம் துபாயில் வேலை பார்த்தேன். அங்கே ஸ்கைடைவிங் பழகி, லைசென்ஸ் எடுத்து, இதுவரை 87 முறை குதித்திருக்கிறேன். பாராசூட்டை நானேதான் மடிப்பேன், வேறு யாரையும் தொடவிட மாட்டேன். இப்போது ஊரில் அப்பாவின் பனியன் கம்பெனியைப் பார்த்துக்கொள்கிறேன். வருடத்துக்கு ஒரு தடவையாவது போய்க் குதித்துவிட்டு வந்தால்தான் மனசு ஆறுகிறது.

13,000 அடி உயரத்தில் விமானக் கதவருகே நின்ற பிறகு, கீழே நடக்கிற எதுவும் பெரிதாகத் தெரிவதில்லை. ஒரு வாஷிங் மெஷின் வாங்க அப்பா மூன்று வாரமாக அலைகிறார். நான்கு கடை ஆகிவிட்டது. போனில் பத்து நிமிடத்தில் முடிகிற வேலை. சந்தையில் அம்மா பத்து ரூபாய்க்குப் பேரம் பேசினால் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. கெட்டுப்போனதை ரிப்பேர் பார்க்காமல் புதிது வாங்குவதே லாபம் என்பது என் கட்சி. இன்சூரன்ஸ் பயந்தவர்களுக்கு. ஏசி கடைக் காபியை விட பேக்கரி டீ மேல். கம்பெனி இரண்டு கிலோமீட்டர்தான், அதற்கு நான் ஹெல்மெட் போடுவதில்லை. வானத்திலிருந்து குதிக்கிறவனை அவினாசி ரோடு என்ன செய்துவிடும்? சின்ன விஷயங்களில் மனம் ஒட்டாமல் போனது தவறா? அப்பாவிடம் சொல்லாமல் மெஷினை நானே ஆர்டர் போட்டுவிடலாமா?

எஸ்., திருப்பூர்

அன்புள்ள எஸ்,

உங்கள் கடிதம் வந்தபோது நான் காங்கேயத்துக்குப் பக்கத்தில் சித்தப்பா வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். துணி காயப்போடப் புதுக் கொடிக்கயிறு கட்டிக்கொண்டிருந்தார். எழுபது வயது, ஒரு காலைத் தாங்கித் தாங்கி நடப்பவர். கட்டி முடித்ததும் துணியைப் போடவில்லை. கயிற்றை இரண்டு கையாலும் பிடித்து, உடம்பின் பாரத்தைக் கொடுத்து இழுத்துப் பார்த்தார். அப்புறம் இன்னொரு தடவை இழுத்தார். நான்கு வேட்டியும் இரண்டு துண்டும் காயப்போகிற கயிறு அது. அவர் ஏன் அப்படி இழுக்கிறார் என்பது எனக்குத் தெரியும். அந்த நினைப்பில் இருந்தபோது உங்கள் கடிதத்தைப் படித்ததால்தான் இந்தப் பதில்.

பேக்கரி டீ விஷயத்தில் உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன். இன்சூரன்ஸ் பற்றி ஒரு வரிதான்: உங்கள் கம்பெனியில் உங்களை நம்பி எத்தனை குடும்பங்கள் இருக்கின்றன என்று எண்ணிவிட்டு மறுபடி எழுதுங்கள். ரிப்பேர் வேண்டாம் என்கிறீர்கள். எங்கள் வீட்டு கிரைண்டருக்கு முப்பது வயதுக்கு மேல் ஆகிறது, பெல்ட்டை மட்டும் நான்கு தடவை மாற்றியிருக்கிறோம், இன்றைக்குக் காலையில் தின்ற இட்லி அதில் அரைத்ததுதான். அதை விடுங்கள்.

பாராசூட்டை நானே மடிப்பேன் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, என் மனம் அங்கேதான் நின்றது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 13,000 அடியிலிருந்து குதித்தால் பாராசூட்டைத் திறக்கும்வரை ஏறத்தாழ ஒரு நிமிடம். 87 தடவைக்கும் சேர்த்து ஒன்றரை மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். ஒரு முறை மடிக்க 20 நிமிடம் என்று வைத்தாலும், 29 மணி நேரம் நீங்கள் தரையில் மண்டியிட்டுத் துணி மடித்திருக்கிறீர்கள். ஒவ்வொரு அறையையும் உதறி, கயிறுகள் சிக்கலில்லாமல் நடுவில் வருகிறதா என்று பார்த்து, காற்றை அழுத்தி வெளியேற்றி, பைக்குள் அடக்கி. துணியின் வாகு தெரிந்த கை செய்கிற வேலை. உங்கள் கம்பெனியில் கைமடி பார்க்கிற அக்காக்களைக் கேட்டால் அந்தக் கை எப்படி வரும் என்று சொல்வார்கள். நீங்கள் பெருமையாகச் சொல்கிற ஒரு நிமிடத்தை இந்த 29 மணி நேரம்தான் தாங்கிப் பிடித்திருக்கிறது.

அதோடு முடியவில்லை. முதுகில் இன்னொரு பாராசூட் இருக்கிறது, ரிசர்வ். அதை நீங்கள் மடிக்க முடியாது. அமெரிக்க விதிப்படி, அதற்கென்று சான்றிதழ் பெற்ற ஒருவர் 180 நாளுக்கு ஒரு முறை பிரித்துச் சோதித்து, மறுபடி மடித்து, முத்திரை வைத்து, அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும். அதற்கும் மேலே ஒரு கருவி. நினைவு தப்பியோ நேரம் தெரியாமலோ நீங்கள் விழுந்துகொண்டே இருந்தால், தரைக்கு ஏறத்தாழ 750 அடி இருக்கும்போது ரிசர்வை அதுவே திறந்துவிடும். 1991ல் ஜெர்மனியிலிருந்து வந்த சைப்ரஸ் என்ற கருவிக்குப் பிறகு இது பரவலானது. முதல் பாராசூட் விரியாமல் போனால் என்ன செய்வது என்று ஒருவர் சந்தேகப்பட்டார், இரண்டாவது வந்தது. இரண்டாவதைத் திறக்கக் கை போகாவிட்டால் என்று இன்னொருவர் சந்தேகப்பட்டார், கருவி வந்தது. உங்களை 87 தடவை உயிரோடு இறக்கியது இப்படிப்பட்ட சந்தேகக்காரர்கள். உங்கள் அப்பாவும் அந்த ஜாதிதான்.

என் அப்பாருவும், அதாவது தாத்தாவும். அவர் வெள்ளகோயில் சந்தையில் கயிறு வாங்குவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கயிற்றுக்காரர் முன்னால் குந்தி உட்கார்ந்துவிடுவார். தேங்காய்நார்க் கயிற்றின் முனையைப் பிரித்துப் புரியை எண்ணுவார். கட்டைவிரலால் முறுக்கைத் தளர்த்தி, நார் நீளமா குட்டையா என்று பார்ப்பார். குட்டை நார் என்றால் ஒரு வார்த்தை பேசாமல் சுருளைத் திருப்பி வைத்துவிடுவார். கடைசியில் மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்ப்பார். நனைந்து சரியாகக் காயாத கயிற்றில் ஒரு பூசண வாசம் இருக்கும். "கவுத்த மோந்து பாரு கண்ணு. உள்ள இத்துப் போயிருந்தா மூக்குக்குத் தெரிஞ்சிரும்" என்று என் மூக்கிலும் வைப்பார். இவ்வளவும் முடிந்த பிறகுதான் விலையைப் பற்றி வாய் திறப்பார். கவலை ஓட்டிய ஆள், அதாவது மாடு பூட்டிக் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்தவர். சால் நிறையத் தண்ணீரோடு வடம் மேலே வரும்போது அறுந்தால் மாட்டுக்கு என்ன ஆகும், ஆளுக்கு என்ன ஆகும் என்று கண்ணால் கண்டவர்.

1980 வாக்கில் வீட்டுக்கு ஒரு நைலான் கயிறு வந்தது. நல்ல பச்சை நிறம். நனைந்தாலும் இத்துப் போகாது என்று கடைக்காரர் சொன்னார், அது உண்மையும்கூட. அப்பாரு வழக்கம்போல முனையைப் பிரித்தார், இழுத்தார், மோந்தும் பார்த்தார். அதில் ஒரு வாசமும் இல்லை. இழுத்த இழுப்புக்கு அசையவும் இல்லை. திருப்தியாக வாங்கி வந்துவிட்டார். நார்க்கயிற்றைத் தொண்டுப்பட்டிக்குள், மாட்டுக் கொட்டகையில், தொங்கவிடுவார்கள். இதற்கு மழை பயம் இல்லை என்பதால் கிணற்று மேட்டிலேயே போட்டுவிட்டோம். மூன்று வருடம் வெயிலில் கிடந்தது.

1983 கோடையில் கிணறு தரை தட்டியது. தூர் வாரச் சித்தப்பா இறங்கினார். கடைசிப் படிக்கல்லுக்குக் கீழே வெறும் பாறை, கயிற்றைப் பிடித்துத்தான் இறங்க வேண்டும். தரைக்கு இன்னும் இருபது அடி இருக்கும்போது கயிறு அறுந்தது. பெரிய சத்தமெல்லாம் இல்லை. சோத்துப் போசியை வைத்துக்கொண்டு நான் மேட்டில் நின்றிருந்தேன். சித்தப்பாவின் கத்தலை விட, மேலே பிடித்திருந்த ஆட்கள் பாரம் இல்லாமல் பின்னால் சாய்ந்து விழுந்ததுதான் எனக்கு இன்றுவரை கண்ணில் நிற்கிறது. கீழே அள்ளாத சேறு இருந்ததால் உயிர் தப்பியது. இடுப்பும் இடது காலும் பழையபடி ஆகவில்லை.

அன்று ராத்திரி அப்பாரு அறுந்த முனையை மடியில் வைத்துக்கொண்டு லாந்தர் வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தார். வெயில் பட்ட பக்கத்தை நகத்தால் சுரண்டினால் பச்சைப் பொடியாக உதிர்ந்தது. புரியின் உள்பக்கம் வாங்கிய அன்று இருந்த மினுமினுப்பு அப்படியே இருந்தது. "இத எப்பிடிப் பாக்கோணும்னு எனக்கு ஆரும் சொல்லலியே சாமி" என்றார். என்னிடம் சொன்னாரா, கயிற்றிடம் சொன்னாரா, தெரியாது.

தம்பி, உங்கள் பாராசூட்டும் நைலான்தான். வெயில் பட்டால் அதன் வலு போய்விடும், நிழலில் வைத்து மடி என்று பழக ஆரம்பித்த நாளிலேயே உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். உங்களுக்குச் சொல்ல ஆள் இருந்தது. அப்பாருவுக்கு இல்லை. நாற்பது வருடமாக நான் யோசித்துக்கொண்டிருப்பது இதைத்தான். நார்க்கயிற்றைச் சோதிக்கும் வித்தை அவர் விரலிலும் மூக்கிலும் இருந்தது, அவருடைய ஐயனிடமிருந்து வந்தது. பொருள் மாறியது. புதுப் பொருளோடு அதைச் சோதிக்கும் வித்தை சேர்ந்து வரவில்லை. அதை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். ஒரு கடையில் சொல்லாததை இன்னொரு கடையில் சொல்வார்கள். அதற்காகத்தான் நான்கு கடை.

உங்கள் அப்பா அங்கே என்ன கேட்டார் என்று நீங்கள் எழுதவில்லை. கூடப் போயிருந்தால் தெரிந்திருக்கும். நான் ஊகிக்கிறேன்: உப்புத் தண்ணீருக்கு எது தாங்கும் என்று கேட்டிருப்பார். சாயக்கழிவால் நொய்யல் கரைத் தண்ணீர் என்ன ஆனது என்று திருப்பூர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டுமா? சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டதை அவர் தொழிலில் இருந்துகொண்டே பார்த்தவர். போர் தண்ணீரின் உப்பு மெஷினின் ஹீட்டரில் வெள்ளை வெள்ளையாகப் படிந்து, அது சூடாகச் சூடாக இறுகிவிடும். போனில் நட்சத்திரத்தைப் பார்த்து வாங்கினால் இதையெல்லாம் யார் சொல்வார்கள்?

உங்கள் மேல் எனக்குக் கோபம் வருவது எங்கே தெரியுமா? கம்பெனியில் நீங்கள் இப்படி இல்லை. துணியை வட்டமாக வெட்டி எடை போட்டு ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று பார்க்கிறீர்கள். டியூப்லைட்டுக்குக் கீழே செக்கிங் மேசையில் ஒவ்வொரு தையலும் பார்வைக்குத் தப்பாமல் போகிறது. குழந்தைத் துணி என்றால் ஒடிந்த ஊசித் துண்டு கிடக்கிறதா என்று கருவிக்குள் விட்டு அனுப்புகிறீர்கள். எங்கோ ஜெர்மனியில் ஒரு பிள்ளையின் கழுத்தில் குத்திவிடக் கூடாது என்று அத்தனை கவனம். வீட்டு கேஸ் சிலிண்டரில், மேல் வளையத்தைத் தாங்கும் பட்டையின் உள்பக்கம் ஓர் எழுத்தும் எண்ணும் இருக்கும். சி-27 என்றால், 2027 ஜூலை முதல் செப்டம்பருக்குள் அதை மறுசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று பொருள். உங்கள் அடுப்படியில் இருப்பதில் என்ன எழுதியிருக்கிறது? அம்மா குக்கருக்கு வெயிட் போடுவதற்கு முன் மூடியைத் தூக்கி, ஆவிக்குழாயில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்து, வாயால் ஒரு ஊது ஊதுவார். பருப்புத் தோல் அடைத்திருந்தால் அதில் தெரிந்துவிடும். மூடியில் இருக்கும் அந்தச் சின்ன சேஃப்டி வால்வுதான் அம்மாவின் ரிசர்வ். நீங்கள் கூச்சப்படுகிற பேரமும் அப்படித்தான். விலை பேசிக்கொண்டே கத்தரிக்காயைத் திருப்பிக் காம்பைப் பார்க்கிறாரா இல்லையா, அடுத்த தடவை கவனியுங்கள்.

ஹெல்மெட்டை விட மாட்டேன். சித்தப்பா விழுந்தது இருபது அடி. சேற்றைத் தொடும்போது அவர் உடம்பு மணிக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் வேகத்தில் இருந்திருக்கும். நீங்கள் வண்டியில் கம்பெனிக்குப் போகிற அதே வேகம். ஒரு லாரியின் பின்பக்கம் முட்டினால் நீங்களும் அந்தக் கிணற்றில் விழுகிறீர்கள், கீழே சேறு கிடையாது. 87 தடவை குதித்ததால் மண்டை ஓடு தடிமனாகிவிடாது. அவினாசி ரோட்டில் எதிரே வருகிறவன் தன் பிரேக்கைச் சோதித்தானா, தூங்கினானா, குடித்தானா, எதுவும் உங்களுக்குத் தெரியாது. வானத்தில் உங்கள் ரிசர்வை மடித்தவரின் கையெழுத்தாவது உங்களிடம் இருந்தது. வாங்கும்போது ரோட்டோரம் அடுக்கி வைத்திருக்கிற தொப்பியை வாங்காதீர்கள். ஐஎஸ்ஐ முத்திரை இல்லாததை 2021 ஜூன் 1 முதல் விற்கவே கூடாது. முத்திரையைப் பாருங்கள், வாரைப் பூட்டி இழுத்துப் பாருங்கள், தலையைக் குனிந்து ஆட்டிப் பாருங்கள். குதிக்கிற ஹெல்மெட்டை எப்படி வாங்கினீர்களோ அப்படி.

மெஷினை நீங்களே ஆர்டர் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். வீட்டுப் போர் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்து, அந்தச் சீட்டை அப்பா கையில் கொடுங்கள். ஐந்தாவது கடைக்கு அவரை வண்டியில் பின்னால் உட்காரவைத்து நீங்களே கூட்டிப் போங்கள். அவருக்கும் சேர்த்து இரண்டு ஹெல்மெட்.