பேப் ரூத்தும் ஓட்டானியும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒன்பது வருடமாக நியூ ஜெர்சியில் இருக்கிறேன். பேஸ்பால் பார்க்க ஆரம்பித்ததே மகனால்தான். பந்தும் வீசி மட்டையும் பிடிக்கிற ஜப்பான்காரர் ஷோஹெய் ஓட்டானி என்றால் அவனுக்கு உயிர். பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு எண்பது வயதிருக்கும், நியூயார்க் யாங்கீஸ் அணியின் பரம்பரை ரசிகர். நூறு வருடத்துக்கு முன் அந்த அணிக்கு ஆடிய பேப் ரூத்தின் கால்தூசிக்குக்கூட இந்தக் காலத்து ஆட்கள் வரமாட்டார்கள் என்பது அவர் கட்சி. மகனோ, தொப்பையோடு ஓடிய அந்த ஆள் இன்றைய பந்து ஒன்றைக்கூடத் தொடமாட்டார் என்கிறான். வேலிக்கு இரண்டு பக்கமும் நின்றுகொண்டு வாரம் தவறாமல் சண்டை. பழையவர்களையும் இன்றைய வீரர்களையும் ஒப்பிட நியாயமான வழி ஏதாவது இருக்கிறதா?

ர., நியூ ஜெர்சி

அன்புள்ள ர.,

பிராட்மனா டெண்டுல்கரா என்று நாம் டீக்கடையில் போடாத சண்டையா? (1932-இல் அமெரிக்கா போன பிராட்மன், யாங்கீ ஸ்டேடியத்தில் ரூத்தோடு உட்கார்ந்து ஆட்டம் பார்த்திருக்கிறார். அந்தப் பேச்சைப் பக்கத்தில் இருந்து கேட்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.)

மகன் சொல்வதில் பாதி சரி. ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள மட்டையோடு 1927-இன் ரூத்தை அப்படியே தூக்கி வந்து இன்று ராத்திரி ஆட்டத்தில் நிறுத்தினால் திணறத்தான் செய்வார். ஆனால் அந்தக் காலத்துப் பந்து மெதுவாக வந்தது என்று அவன் நினைத்தால், பாப் ஃபெல்லர் என்ற பந்து வீச்சாளரைப் பற்றிச் சொல்லுங்கள். ரூத் ஓய்வு பெற்ற மறுவருடம், 1936-இல் ஆட வந்தவர். 1940-இல் சிகாகோவில் அவருடைய பந்தை ஒரு போலீஸ்காரரின் மோட்டார் சைக்கிளோடு பந்தயம் விட்டார்கள். வண்டி பின்னாலிருந்து சீறிக்கொண்டு வந்து அவரைத் தாண்டிய பிறகுதான் பந்து கையை விட்டுக் கிளம்புகிறது. இலக்கை முதலில் தொட்டது பந்து. 1946-இல் வாஷிங்டனில் ராணுவத்தின் கருவியை வைத்து அளந்தபோது மணிக்கு 98.6 மைல், அதாவது ஏறக்குறைய 159 கிலோமீட்டர். அதையும் பந்து வந்து சேரும் இடத்தில் அளந்தார்கள். இன்று டிவியில் காட்டுவது கையை விட்டுக் கிளம்பும்போது உள்ள வேகம். பந்து வந்து சேர்வதற்குள் அதில் பத்தில் ஒரு பங்கு போல குறைந்துவிடும்.

அப்படியானால் என்னதான் மாறியது? அன்று ஃபெல்லர் ஒருவர், அவரைப் போல இன்னும் இரண்டு பேர். இன்று ஒவ்வொரு அணியிலும் அப்படி நாலைந்து பேர் காத்திருக்கிறார்கள். அன்று ஆட்டத்தைத் தொடங்கிய பிட்சரே, அதாவது பந்து வீசுபவரே, பெரும்பாலும் முடித்தும் வைப்பார். சை யங் என்ற பழைய பிட்சர் தன் வாழ்நாளில் 749 ஆட்டங்களை அப்படி முழுதாக வீசி முடித்திருக்கிறார். அதனால் ரூத் நான்காவது முறை மட்டையோடு வரும்போது எதிரே நிற்பவரின் தோள் ஓய்ந்திருக்கும். இன்று ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில் ஆறாவது இன்னிங்ஸுக்குள் முதல் பிட்சரை வெளியே எடுத்துவிட்டு, அதற்கப்புறம் இன்னிங்ஸுக்கு ஒரு புதுக் கை வருகிறது. ரூத்துக்கு நிஜமான சோதனை அங்கேதான்.

அவரவர் காலத்தை வைத்தே அளந்தால் பெரியவர் ஜெயிப்பார். 1927-இல் ரூத் 60 ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி, மைதானத்தைத் தாண்டிப் போகிற அடி) அடித்தார். இரண்டு முக்கிய லீகுகளில் யாங்கீஸ் இருந்த அமெரிக்கன் லீகில், அவர்களைத் தவிர எந்த அணியும் மொத்தமாகச் சேர்ந்துகூட அத்தனை அடிக்கவில்லை. 2022-இல் யாங்கீஸின் ஆரன் ஜட்ஜ் 62 அடித்தபோது எல்லா அணிகளும் நூறைத் தாண்டியிருந்தன. கணக்கு முடிந்தது என்று தோன்றும். இல்லை.

டெட் வில்லியம்ஸ் என்ற மட்டையாளரின் கதையைப் பாருங்கள். 1941 சீசனின் கடைசி நாள், பிலடெல்பியாவில் இரண்டு ஆட்டங்கள். அவருடைய சராசரி, அதாவது அடிக்க வந்ததில் எத்தனை பங்கு ஹிட் (அடித்துவிட்டுப் பத்திரமாகத் தளத்தை அடைவது) என்ற கணக்கு, 0.3996-க்குப் பக்கத்தில். முழுமையாக்கினால் 0.400 என்றே பதிவாகும், வெளியே உட்கார்ந்துகொள் என்றார்கள். அவர் இரண்டு ஆட்டமும் ஆடினார். எட்டு முறையில் ஆறு ஹிட், முடிவில் 0.406. அதற்குப் பிறகு இரண்டு முக்கிய லீகுகளிலும் ஒரு சீசன் முழுக்க ஆடி 0.400-ஐ எட்டியவர் யாரும் இல்லை. இன்றைய ஆட்டக்காரர்கள் சோடை போய்விட்டதுதான் காரணம் என்பார் உங்கள் பெரியவர். ஸ்டீபன் ஜே கூல்ட் என்ற தொல்லுயிரியலாளர் இதைத் தலைகீழாகப் பார்த்தார். எல்லோரும் தேறிவிட்டார்கள், சுமார் ஆட்கள் காணாமல் போய்விட்டார்கள், அதனால் ஒருவர் மட்டும் தனியாக உயர்ந்து தெரிவது கஷ்டமாகிவிட்டது என்றார். எனக்கு இதுதான் சரியென்று படுகிறது. சுற்றிலும் குட்டைச் செடியாக இருந்தால் ஒற்றைப் பனை நன்றாகத்தான் தெரியும்.

போட்டிக்கு நிற்கக்கூடிய பனைகள் பலவற்றை வேலிக்கு வெளியே நிறுத்திவைத்திருந்தார்கள். கறுப்பர்களை அந்த லீகுகளில் சேர்க்கவில்லை. அந்தத் தடையை உடைத்து ஜாக்கி ராபின்சன் என்ற கறுப்பர் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காகக் களமிறங்கியது 1947 ஏப்ரல் 15. அதே வருடம் ஜனவரியில், உள்ளே வர வாய்ப்பே கிடைக்காத ஜோஷ் கிப்சன் என்ற கறுப்பின மட்டையாளர் 35 வயதில் செத்துப்போனார். சாட்செல் பேஜ் என்ற மகா பிட்சரை 1948-இல், 42 வயதான பிறகுதான் உள்ளே விட்டார்கள். கறுப்பர்கள் தனியாக ஆடிய நீக்ரோ லீகுகளின் கணக்குகளை அதிகாரபூர்வப் பட்டியலில் சேர்த்தது 2024 மே மாதம். சேர்த்தவுடன், வாழ்நாள் சராசரியில் முதலிடத்தில் இருந்த டை காப்பின் 0.367 இரண்டாம் இடத்துக்கு இறங்கியது. முதலிடத்தில் இப்போது கிப்சன், 0.372. ரூத் ஜெயித்தது எத்தனையோ நல்ல எதிரிகளை வெளியே நிறுத்திவிட்டு நடந்த போட்டியில். அது அவர் குற்றமில்லை. ஆனால் எண்களைப் பார்க்கும்போது அதைக் கழித்துக்கொள்ளாமல் என்னால் பார்க்க முடிவதில்லை.

சரி, ஓட்டானி. ரூத்தும் ஆரம்பத்தில் பிட்சர்தான், அதிலும் முதல் தரம். பந்து வீசுவது, மட்டை பிடிப்பது என்ற இரண்டு வேலையையும் ஒன்றாக அவர் பார்த்தது 1918, 1919 சீசன்களில். யாங்கீஸுக்கு வந்த பிறகு பதினைந்து வருடத்தில் ஐந்தே ஆட்டங்களில்தான் பந்து வீசினார். (ஐந்திலும் ஜெயித்தார், பாவி மனிதர்.) ஓட்டானி அதே இரட்டை வேலையை உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வருகிற லீகில் செய்கிறார். 2025 அக்டோபர் 17 ஆட்டத்தை மகனோடு நீங்களும் பார்த்திருப்பீர்கள். இங்கே எனக்கு மறுநாள் விடிகாலை. எதிரணியான மில்வாக்கியின் முதல் ஆளை, அடிக்கத் தோதில்லாத பந்துகளாக வீசி, சும்மா முதல் தளத்துக்கு நடக்கவிட்டார். அடுத்த மூன்று பேரை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கினார், அதாவது பந்தை அடித்து ஆடவே விடாமல் வெளியேற்றினார். உடனே மட்டையோடு வந்து ஹோம் ரன். கொண்டுவந்த காபியை நான் கையில் எடுக்கவே இல்லை. முடிவில் மூன்று ஹோம் ரன், பத்து ஸ்ட்ரைக் அவுட்.

என் ஓட்டு ஓட்டானிக்கு. ஆட்டத்தையே வேறு ஆட்டமாக மாற்றியவர் யார் என்று கேட்டால் ரூத். இது இரண்டும் வேறு வேறு கேள்வி என்று வேலிக்கு இரண்டு பக்கமும் சொல்லிப் பாருங்கள், ஒத்துக்கொள்ளமாட்டார்கள்.

அப்புறம் ஒன்று. யாங்கீ ஸ்டேடியத்தில் நீக்ரோ லீக் ஆட்டங்களும் நடந்திருக்கின்றன, கிப்சன் அங்கே ஆடியிருக்கிறார். பெரியவரின் அப்பா அதில் ஒன்றையாவது போய்ப் பார்த்தாரா என்று கேளுங்கள். என்ன சொன்னார் என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்