அமெரிக்க ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளில் கோடை வகுப்புகள் எப்படி வந்தன?

சுருக்கமாகச் சொன்னால், ஆசிரியருக்குப் படிக்க வேறு நேரமே கிடையாது. முதல் அரசு ஆசிரியர் பயிற்சிப் பள்ளி 1839இல் மாசசூசெட்ஸின் லெக்சிங்டனில் திறந்துவிட்டது. ஆனாலும் அதற்குப் பிறகு வெகுகாலம் கிராமங்களில் பயிற்சி இல்லாதவர்களே பாடம் நடத்தினார்கள். வேலையை விட்டுப் படிக்க வசதி ஏது? கோடை விடுமுறைதான் வழி.

இதில் எனக்குப் பிடித்தது 1873இல் மாசசூசெட்ஸ் கடற்கரைக்கு அப்பால் உள்ள பெனிகீஸ் தீவில் லூயி அகாசி என்ற இயற்கை விஞ்ஞானி ஆசிரியர்களுக்காக நடத்திய கோடைப் பள்ளி. புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கடல் உயிரினங்களை நேரடியாகப் பார்த்துப் படிக்கச் சொன்னார். பெண்களையும் சேர்த்துக்கொண்டார் (அந்தக் காலத்தில் இது சாதாரண விஷயமில்லை). அந்த டிசம்பரிலேயே அவர் இறந்துபோக, அடுத்த கோடையோடு பள்ளி நின்றது.

அப்புறம் பயிற்சிக் கல்லூரிகளே கோடைப் பருவம் நடத்தின. பட்டம் கட்டாயமாக ஆக, வேலையில் இருந்துகொண்டே கோடைதோறும் படித்துப் பட்டம் வாங்கியவர்கள் ஏராளம்.