அரிஷ்டத்தை நிறுத்துங்கள், ரத்தம் பாருங்கள்

ஸ்கேனில் கல்லீரல் கொழுப்பு வந்தது, சர்க்கரை நோய் மாத்திரையை நிறுத்தியது, இரண்டு மாதமாக அரிஷ்டம் (மூலிகைகளைப் புளிக்க வைத்துச் செய்யும் ஆயுர்வேத மருந்து) குடிப்பது எல்லாம் எழுதியிருந்தீர்கள். நாளைக் காலையே ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். 'பத்து நாளாக உடம்பு அரிக்கிறது, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகிறது' என்று கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். என் கவலை அந்த ஒரு வரிதான். வாயு, நாக்கில் வெள்ளைப் படிவு, விலாவில் சுருக்கென்ற குத்தல் எதுவும் கல்லீரல் கெட்டதற்கு அடையாளமல்ல. ஸ்கேனில் வந்த கிரேடு 1 கொழுப்பைப் (லேசான கொழுப்புதான்) பார்த்து சிரோசிஸ், அதாவது கல்லீரல் தழும்பேறிச் சுருங்கும் நோய், என்று அஞ்சவும் வேண்டாம். எடையில் 7 முதல் 10 சதவீதம் குறைந்தாலே பலருக்கு அது நன்றாகக் குறைகிறது.

தண்ணீர் போதுமான அளவு குடித்தும் சிறுநீர் கறுத்தே போனால், ரத்தத்தில் ஏறிய பிலிருபின் (மஞ்சள் காமாலையில் கூடும் மஞ்சள் நிறமி) சிறுநீரில் இறங்குகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். கண் மஞ்சளாகும்வரை காத்திருக்காதீர்கள். பிலிருபின், எஸ்ஜிபிடி (கல்லீரல் செல்கள் சேதமானால் ரத்தத்தில் ஏறும் நொதி), ஐஎன்ஆர் (ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் அளவு) மூன்றும் வேண்டும். மருந்து குடிக்கும் ஒருவருக்கு இயல்பின் உச்ச அளவைப்போல் எஸ்ஜிபிடி மூன்று மடங்கும் பிலிருபின் இரண்டு மடங்கும் சேர்ந்து தாண்டினால், கல்லீரல் செயலிழக்கும் ஆபத்து உண்மையிலேயே இருக்கிறது. பேச்சில் தடுமாற்றமோ, பகலெல்லாம் தூங்கி இரவில் விழித்திருப்பதோ தெரிந்தால் ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.

இரண்டு மாதமாகக் குடிக்கும் அரிஷ்டத்தை இன்றே நிறுத்துங்கள். 'கல்லீரலைக் காப்பது நிரூபணமானது' என்று இணையத்தில் படித்தீர்களே, அப்படிச் சொல்லப்படும் சோதனைகள் பெரும்பாலும் எலிகளில் நடந்தவை. சில நாள் மருந்தைப் புகட்டிவிட்டு, கல்லீரலைக் கெடுப்பதற்காகவே பாரசிட்டமாலையோ கார்பன் டெட்ராகுளோரைடு என்ற நச்சு ரசாயனத்தையோ அளவுமீறிக் கொடுப்பார்கள். மருந்து குடித்த எலிகளுக்கு எஸ்ஜிபிடி குறைவாக ஏறினால் 'காக்கிறது' என்பார்கள். ஆராய்ச்சிக்கு அது நல்ல முதற்படி. ஆனால் உங்கள் கல்லீரல் கொழுப்பு ஒரே நாளில் விஷம் தின்று வந்ததல்ல. ஏற்கெனவே மாத்திரைகள் சாப்பிடும் மனிதர் மாதக்கணக்கில் இதைக் குடித்தால் என்ன ஆகும் என்று எலி சொல்லாது.

புளிக்கும்போது அரிஷ்டத்தில் ஆல்கஹால் தானாகவே உருவாகிறது, லேபிளிலேயே போட்டிருப்பார்கள். பத்து சதவீதம் என்றால், தினம் 60 மில்லியில் சுமார் 5 கிராம் ஆல்கஹால். அளவு சிறிதுதான், ஆனால் வீங்கிய கல்லீரலுக்கு அதுவும் கூடாது. மூலிகைதானே என்றும் இருந்துவிடாதீர்கள். கொரோனா காலத்தில் சீந்தில் குடித்துக் கல்லீரல் அழற்சியோடு நம் நாட்டு மருத்துவமனைகளுக்கு வந்தவர்கள் உண்டு.

சர்க்கரை மாத்திரையை நீங்களாக நிறுத்தியது பெரிய தவறு. நாளை மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள், அரிஷ்ட பாட்டிலை லேபிளோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.